செருப்பு ஏறாத மேடை

சென்ற வாரம் நாடகத்துறை மூன்றாம் ஆண்டு மாணவன் யுவராஜ் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினான். புதிதாகக் கட்டிய அரங்கின் மேடைப் படி. பக்கத்துச் சுவரில் ஒரு பித்தளைப் பலகை: 'காலணிகளைக் கழற்றிவிட்டு மேடை ஏறவும்.' அதன் கீழே சின்ன எழுத்தில், 'திரு. ஆரோக்கியதாஸ் அவர்கள் காத்த மரபு.'

ஆரோக்கியதாஸ் நான்தான். உடனே கூப்பிட்டேன்.

"இன்னாடா இது?"

"திறப்பு விழாவுல வெச்சாங்கண்ணா. உங்களுக்கு மரியாதை. எங்க துறை மலருக்கு அந்த மரபைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன்."

"எழுதறேன். ஆனா வெட்டாம போடணும்."

"போடறோம்ணா."

அதனால் எழுதுகிறேன். அந்த வழக்கத்தை நான் பதினோரு வருஷம் காத்தது உண்மை. பன்னிரண்டாவது வருஷம் அதே வழக்கத்துக்காக மெமோ வாங்கியதும் உண்மை. பலகையில் முதல் பாதியை மட்டும் பொறித்திருக்கிறார்கள். மீதி இங்கே இருக்கிறது.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினேன். பிறகு தோலைப் போட்டுச் சுழற்றிப் பதப்படுத்தும் டிரம், அதன் பிறகு தோலைத் தரம் பிரிக்கும் மேஜை. கையுறை கிடையாது. நகங்கள் வெந்து விழுந்தன, கோணலாகத் திரும்ப முளைத்தன. மூன்று வருஷத்தில் அலுத்துப்போய் லாரி கிளீனராகப் போனேன். பெங்களூரில் பிளம்பருக்குக் கையாள், பம்பாயில் பெல்ட் தைக்கும் கொட்டகை, ஏலகிரியில் ஒரு விடுதியில் ஜெனரேட்டர் பார்க்கும் வேலை, கல்யாண வீடுகளுக்கு சீரியல் செட் கட்டும் வேலை. பட்டினி கிடந்தேன், பஸ் ஸ்டாண்டில் படுத்தேன், இரண்டு ஊர்களில் அடி வாங்கினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நிறையப் பேருக்கு நடப்பதுதான்.

சீரியல் செட் கட்டப் போன இடத்தில்தான் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தேன். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. ஆண்டு விழாவுக்கு வெளியே விளக்குக் கட்டிக்கொண்டிருந்தபோது நாடகத்துறை அரங்கிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. விளக்குகளின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் டிம்மர் பெட்டி புகைந்துகொண்டிருந்தது. போய்ச் சரிசெய்தேன். துறைத்தலைவர் சபாபதி சார், "நாளைக்கும் வர முடியுமா?" என்று கேட்டார். இருபத்தாறு வருஷம் போனேன். வேறு எங்கும் நான் மூன்று வருஷம் தாண்டியதில்லை.

பதவிக்குப் பெயர் அரங்க உதவியாளர். காலை எட்டு மணிக்கு மேடையைப் பின்னாலிருந்து முன்னால் பெருக்க வேண்டும். முன்னாலிருந்து பின்னால் பெருக்கினால் தூசி திரையில் ஏறும். பிறகு ஈரத்துணி. முந்தைய நாள் ஒத்திகைக்காகத் தரையில் ஒட்டிய டேப் துண்டுகளில் எது வேண்டும், எது வேண்டாம் என்று மாணவர்களிடம் கேட்டு உரிக்க வேண்டும். கேட்காமல் உரித்தால் ஒருவனுடைய நாடகத்தில் வீட்டு வாசல் காணாமல் போய்விடும். அதன் பிறகு ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்து, எரியாததை நோட்டில் எழுத வேண்டும்.

சரியாக ஒன்பது பத்துக்கு சபாபதி சார் வருவார். படிக்கு முன்னால் நின்று, தன் ஷூவைத் தானே கழற்றி, முனை வெளியே பார்க்கும்படி ரேக்கில் வைப்பார். யாரையும் எடுத்து வைக்கச் சொல்ல மாட்டார். வெறுங்காலோடு ஏறி, மேடைப் பலகையை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவர் 'பார்க்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். 'அது தேவையா?' என்றால் நிச்சயம் முடியாது என்று அர்த்தம். கையெழுத்து பச்சை மையில்தான். பேனாவை மூடிய பிறகு எதையும் மாற்ற மாட்டார்.

படிக்குக் கீழே அந்த ரேக்கைச் செய்து போட்டவன் நான். செருப்போடு ஏறிய மந்திரியின் உதவியாளரைக்கூட இறக்கிவிட்டிருக்கிறேன். அந்த விதியின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருந்ததற்குக் காரணம் உண்டு. தொட்டியில் வேலை செய்த நாட்களில் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. இங்கே படியேறினால் துறைத்தலைவரும் வெறுங்கால், நானும் வெறுங்கால். இதற்கு முன்னால் எங்கே வேலை என்று யாராவது கேட்டால் 'பம்பாய்' என்று சொல்வேன். தோல் என்ற வார்த்தையை அங்கே நான் வாயால் சொன்னதில்லை.

வகுப்புகள் அரங்கிலேயே நடந்தன. நான் விளக்குப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். முதலாம் ஆண்டின் முதல் வகுப்பை இருபத்தாறு முறை கேட்டிருக்கிறேன். பரீட்சை மட்டும் எழுதவில்லை.

நாடகம் படித்து என்ன ஆகப்போகிறது என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அன்றைக்கும் கேட்டார்கள். திமிரி ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் மகனைப் பார்க்க வந்தார். மூச்சுப் பயிற்சி வகுப்பு. இருபது பிள்ளைகள் மேடையில் மல்லாந்து படுத்து வயிற்றில் கை வைத்து 'ஆ' என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாங்க இது, பட்டப்பகல்ல படுத்துனு கீறானுங்க?" என்றார்.

"படிக்கிறாங்க."

"இதுக்கு எங்கூட்டுக் கொல்லையிலயே படுக்கலாமே. படுத்துனு கத்தறதுக்கு டிகிரி குடுக்கறாங்களா?"

"இங்கிருந்து பேசினா கடைசி வரிசைல மைக் இல்லாம கேக்கணும். நீங்க ஒருதபா பேசிப் பாருங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கத்தினார். நான் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. அப்புறம் அவர் மகன் படுத்த இடத்திலிருந்தே, கத்தாமல், "அப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சி, நீ கிளம்பு" என்றான். ஒவ்வொரு எழுத்தும் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "பேஜாரான படிப்புதான்" என்று சொல்லிப் போனார். பையனை அழைத்துப் போகவில்லை.

இனி அமுதா விஷயம்.

அமுதா துத்திப்பட்டுப் பக்கம். அவள் அம்மா சரோஜா ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. இறுதியாண்டில் ஒவ்வொரு மாணவரும் ஒரு நாடகத்தை இயக்கிக் காட்ட வேண்டும். அதுதான் பரீட்சை. மூன்று வாரத்துக்கு முன்பே நாடகப் பிரதி, மேடைப் படம், விளக்குத் திட்டம், பொருள் பட்டியல் நான்கையும் கொடுக்க வேண்டும். பட்டியலை முதலில் நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம் சபாபதி சார். அந்த வருஷம் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்குள் பச்சை மை விழாவிட்டால் நாடகத்துக்கு நாள் கிடையாது. நாள் இல்லையென்றால் பட்டம் அடுத்த வருஷம்தான். குடியாத்தத்தில் ஒரு பள்ளி நாடக ஆசிரியர் வேலையை அமுதாவுக்காக ஜூன் வரை வைத்திருந்தது, பட்டம் இருந்தால் மட்டும். இல்லையென்றால் அம்மா பக்கத்து மெஷின் காலியாக இருக்கிறது என்று கம்பெனியில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை பட்டியல் வந்தது. முதல் வரி: ஷூ, அறுபது ஜோடி.

"இது ஏறாதும்மா" என்றேன்.

"ஏன்ணா?"

"மூணு வருஷமா கழட்டிட்டுத்தானே ஏர்ற? தெரியாத மாதிரி கேக்கற?"

"இது வேலைல இருக்கற ஷூண்ணா. எங்கம்மா லைன்ல ஒரு நாள், அதான் நாடகம். எட்டு பேரு தெச்சி, ஒட்டி, செக்கிங் பண்றாங்க. கடைசில அதுல ஒருத்தி, தான் தெச்ச ஷூவ மொத மொறை கால்ல போட்டு நடக்கறா. அவ்ளோதான்."

"போட்டு நடக்க வேற செய்யணுமா?"

சிவப்புப் பென்சிலால் முதல் வரியை அடித்தேன். பென்சிலைப் பிடித்த என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நீங்க தொட்டில வேலை செஞ்சவர்தானே?"

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எங்க பெரியப்பாவுக்கும் நகம் இப்படித்தான் இருக்கும்."

நான் கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். அவள் பட்டியலை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை பஸ்ஸில் கம்பெனி முடிந்து வந்த பெண்கள் ஏறினார்கள். ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பசையும் தோலும் கலந்த வாடை. எனக்கு முன் சீட்டில் இருந்தவர் மூக்கைத் துடைக்கிற மாதிரி கைக்குட்டையை எடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதினோரு வருஷமாக ரேக்குக்குப் பக்கத்தில் நின்று நானும் அதே கைக்குட்டையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. அப்போதுதான் கோபம் வந்தது, என் மேல்.

மறுநாள் அமுதாவைக் கூப்பிட்டு, சிவப்புக் கோட்டை ரப்பரால் அழித்து, கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டேன். இருவரும் சபாபதி சார் அறைக்குப் போனோம். அவர் முதல் வரியிலேயே நின்றார்.

"அது தேவையா?" என்றார்.

"தேவை சார்" என்றாள்.

"அட்டையில செஞ்சுக்கோ. இல்ல, மைம் பண்ணு. பொருள் இல்லாம பொருளைக் காட்டறதுதானே நடிப்பு?"

"எங்கம்மா கையில ஒண்ணுமே இல்லாத மாதிரித்தான் சார் எல்லாரும் பாக்கறாங்க. இருக்கறதக் காட்டணும்."

அவர் என்னைப் பார்த்தார். "தாஸ், நீங்களா இதுல கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமாங்க சார். போன வாரம் மேடைல மத்தளம் வெச்சிப் பூ போட்டோம். அதுமேல போர்த்தியிருந்ததும் தோல்தான். ரெண்டும் ஒரே தொட்டில ஊறி வர்றதுதாங்க சார். நான் ஊறவெச்சிருக்கேன்."

முதல் முறையாக அந்தக் கட்டடத்துக்குள் அதைச் சொன்னேன்.

"அது வாத்தியம், தாஸ். இது காலுக்குப் போடறது. இந்த மேடையில செருப்புக் கால் படாது. நான் இருக்கறவரைக்கும் படாது" என்று மெதுவாகச் சொல்லிப் பேனாவை மூடினார்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்காக அவர் அலுவலகப் படி ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். மேடையை அவர் கோயில் என்று நம்பினார், அவ்வளவுதான். கோயில் என்றால் வாசலுக்கு வெளியே யாராவது நின்றுதான் ஆக வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அதுவரை தோன்றவில்லை.

புதன்கிழமை அமுதா படியில் உட்கார்ந்து அட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை. கத்தரியை மட்டும் வேகமாக ஓட்டினாள். மேடையில் இரண்டாம் ஆண்டு வகுப்பு. சபாபதி சார் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எனக்கு மனப்பாடமான பாடம். "எது நடிக்கும் இடம், எது பார்ப்பவர் இடம் என்று கட்டடம் கட்டிய இன்ஜினியர் முடிவு செய்வதில்லை. இயக்குநர்தான் முடிவு செய்கிறார்." வருஷா வருஷம் அதே வார்த்தைகள், அதே இடத்தில் ஒரு சின்ன இருமல். பன்னிரண்டாவது தடவை கேட்டபோதுதான் அது எனக்காகவும் சொல்லப்படுகிறது என்று புரிந்தது.

"அட்டைய கீழ போடும்மா. மேடைப் படத்த எடு" என்றேன்.

படத்தைத் தலைகீழாகத் திருப்பினோம். பார்வையாளருக்கான நாற்பது நாற்காலிகளும் மேடைமேல். எட்டுப் பெண்களும் அறுபது ஜோடி ஷூவும் கீழே, பார்வையாளர் உட்காரும் சிமெண்டுத் தரையில்.

வெள்ளிக்கிழமை காலை சபாபதி சார் அந்தப் படத்தை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் யோசனை?"

"என்னுதுங்க சார்" என்றேன். அமுதா ஏதோ சொல்ல வந்தாள். நான் கையைக் காட்டினேன். எனக்கு வேலை போனால் இன்னொரு ஊர். அவளுக்கு அப்படி இல்லை.

"நடிக்கிற இடம்தானே மேடை? அப்போ தரையும் மேடைதானே தாஸ்?"

"அப்படின்னா மேல இருக்கற பலகை மேடை இல்லீங்க சார். நாப்பது பேரும் ஷூவோட ஏறி உக்காருவாங்க. எது மேடைன்னு நீங்க சொல்லுங்க. அங்க ஒரு செருப்பும் வராம நான் பாத்துக்கறேன். ரெண்டாம் வருஷ கிளாஸ்ல நீங்க நடத்தறதுதான்."

அவர் மேசைமேல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை. தன் பலகைமேல் நாற்பது பேர் ஷூவோடு உட்காருவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். தன் பாடத்தைப் பொய் என்று சொல்லவும் அவரால் முடியாது. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது.

பேனாவைத் திறந்தார். நான்கு தாளிலும் பச்சை மை விழுந்தது. "உங்களுக்கு மெமோ வரும் தாஸ்" என்றார்.

"சரிங்க சார்."

மேல்விஷாரத்தில் கம்பெனிகள் கழித்த ஷூக்களை வாங்கி விற்கும் தோஸ்த் ஒருவன் எனக்கு உண்டு. அறுபது ஜோடியை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தான். முன்பக்க விளக்குகள் எல்லாவற்றையும் கழற்றித் தரையைப் பார்க்கும்படி திருப்ப இரண்டு நாள் ஆனது. பழைய பலகை நாற்பது பேரைத் தாங்குமா என்ற பயத்தில் அடியில் சவுக்குக் கட்டைகள் முட்டுக் கொடுத்து, ஆறு பையன்களை மேலே குதிக்கச் சொல்லிப் பார்த்தேன்.

பரீட்சை மதியம் மூன்று மணிக்கு. வெளியூரிலிருந்து ஒரு அம்மா தேர்வாளராக வந்திருந்தார். அவரும் சபாபதி சாரும் மற்ற ஆசிரியர்களும் படியில் ஷூவையும் செருப்பையும் கழற்றி ரேக்கில் வைத்துவிட்டு மேலே போய் உட்கார்ந்தார்கள். அமுதாவின் அம்மா அரை நாள் பர்மிஷன் போட்டு, கழுத்தில் கம்பெனி அட்டையோடு வந்தார். படிக்குக் கீழே தயங்கி நின்றார்.

"நானும் மேலயா?"

"நீங்களும்தாம்மா."

செருப்பைக் கழற்றி சபாபதி சார் ஷூவுக்குப் பக்கத்தில் வைக்காமல் கொஞ்சம் தள்ளித் தரையில் வைத்தார். நான் எடுத்து ரேக்கில் வைத்தேன்.

நாடகம் நன்றாகப் போனது. கீழே எட்டுப் பெண்கள் வேலை செய்ய, மேலே நாற்பது பேர் வெறுங்காலோடு குனிந்து பார்த்தார்கள். செக்கிங் செய்கிற பெண்ணாக நிலோஃபர் நடித்தாள். ஒவ்வொரு ஜோடியையும் திருப்பி, அடியை வளைத்து, விரலைத் தையலில் ஓட்டி, "ஓகே" என்று பெட்டியில் போட வேண்டும். அறுபதாவது ஜோடி முடிந்ததும் அவள் நேராக ரேக்குக்கு நடந்தாள். சபாபதி சாரின் ஷூவை எடுத்து வந்தாள். பிரதியில் அது இல்லை. விளக்குப் பலகையில் என் கை நின்றுவிட்டது. அமுதாவைப் பார்த்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

நிலோஃபர் அந்த ஷூவையும் அதேபோலத் திருப்பினாள், வளைத்தாள், விரல் ஓட்டினாள். "ஓகே" என்றாள்.

"ஓகே இல்லம்மா" என்று மேடையிலிருந்து ஒரு குரல். சரோஜாம்மா. நாற்காலி விளிம்புக்கு வந்திருந்தார். நாடகம் என்பதே மறந்துபோயிருந்தது. "எடது கால், நாடாவுக்கு அடில நாக்குகிட்ட பாரு. ரெண்டு தையல் தாண்டிகீது. இத்தப் போயி ஓகேன்றியே, லைன்ல இருந்தா திட்டு விழும்."

எல்லோரும் சிரித்தார்கள். நிலோஃபர் நல்ல நடிகை. கலங்காமல் இடது கால் ஷூவை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "ஆமாக்கா. தாண்டிதான் இருக்கு" என்று கழிவுப் பெட்டியில் போட்டாள். சபாபதி சார் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார். வெளியூர் அம்மா குனிந்து எதையோ வேகமாக எழுதினார்.

அப்புறம் அமுதாவே வந்தாள். ஒரு ஜோடியைக் காலில் மாட்டி, நாடா கட்டி, அரங்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். சிமெண்டில் டக் டக் என்ற சத்தம் தவிர ஒன்றுமில்லை. அவள் கதவைத் தாண்டி வராந்தாவில் போகிறவரைக்கும் அது கேட்டது. நான் விளக்கை அணைத்தேன்.

அமுதா பாஸ். ஜூனில் குடியாத்தம் போய்ச் சேர்ந்தாள்.

பரீட்சைக்கு அடுத்த திங்கட்கிழமை ஒன்பது பத்துக்கு சபாபதி சார் படியில் நின்று ஷூவைக் கழற்றினார். ரேக்கில் வைக்காமல் இடது கால் ஷூவை என்னிடம் நீட்டினார்.

"அந்தம்மா சொன்னது எங்க?"

நாக்குக்குப் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நாலு வருஷமா போடறேன்" என்றார். வழக்கம்போல முனை வெளியே பார்க்க வைத்துவிட்டு மேலே போனார். மதியம் மெமோ வந்தது. மேடையின் மரபை மீறத் துணைபோனதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். நான் எழுதிய பதில் இரண்டு வரி: 'மேடையில் செருப்பை ஏற்றவில்லை. பார்வையாளர்களை ஏற்றினேன்.' அது என் கோப்பிலேயே இருந்தது. பணி நிரந்தரம் நான்கு வருஷம் தள்ளிப்போனது. வருத்தமில்லை. இன்றைக்கு யாராவது அதே பட்டியலை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவேன், இந்த முறை பென்சிலைத் தொடாமல்.

யுவராஜ், நீங்கள் யாரும் அந்தப் பலகையைக் கழற்ற வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். வெறுங்காலோடு ஏற விரும்புகிறவர்கள் ஏறட்டும், எனக்கும் அது பிடிக்கும். என் பெயரை மட்டும் அதிலிருந்து தேய்த்து எடுத்துவிடுங்கள். புது மேடையின் பலகை எவ்வளவு எடை தாங்கும் என்று கட்டிய ஆளிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது ஒருவர் பட்டியலில் ஒரு வரியை அடித்தால், நாற்காலிகளை மேலே தூக்கிப் போட வேண்டியிருக்கும்.